வீட்டை விற்பதற்கு முன்



அந்தமானில், போர்ட் பிளேரில் இருக்கும் குடும்ப வீட்டை விற்கலாமா என்று யோசனை கேட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா அறுபதுகளில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். அங்கே வேலை தேடி, கல்யாணம் முடித்து, மேட்டில் ஒரு மர வீடு கட்டினார். இன்று அவர் இல்லை. மேற்படிப்புக்காக மெயின்லேண்டு வந்த பிள்ளைகள் மூவரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். ‘நல்ல விலைக்குக் கேட்கிறார்கள்’ என்று எழுதிய மகள், கடைசியில் ஒரே வரியில், ‘அம்மாதான் வர மாட்டேன் என்கிறார்’ என்று முடித்திருக்கிறார்.

2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் வளர்கிறது, கடல் தெரியும் மனைக்குக் கிராக்கி கூடுகிறது. வாங்க வருகிறவர்கள் மனைக்கு மட்டும் விலை பேசுகிறார்கள். மேலே நிற்கும் வீடு அவர்கள் கணக்கில் இடிக்க வேண்டிய ஒரு செலவு.

அந்த ஊரின் பழைய மர வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது பொறுக்காது. தூணும் நிலையும் அந்தமான் படாக் மரம். அறுத்த புதிதில் ரத்தச் சிவப்பாக இருக்கும், வருஷம் ஆக ஆகக் கறுத்து மெருகேறும். கூரை தகரம். கூரை ஓரத்தில் ஒரு தகரக் கால்வாய், அதன் முனையில் டிரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர்தான். ஆனாலும் கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அதனால் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்காத பழைய வீட்டைப் பார்ப்பது அரிது. மழை வலுத்தால் தகரத்தின் இரைச்சலில் எதிரில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்றைய பூகம்பத்தில் தென் அந்தமான் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. நாட்டிலேயே மிகக் கடுமையான பூகம்ப அபாயப் பகுதியில் இருக்கும் தீவுகள் அவை. அங்கே மேட்டில், எடை குறைந்த மரத்தில் கட்டியவருக்கு மண்ணின் குணம் தெரிந்திருந்தது. அந்த வீட்டை மதிப்பில்லாதது என்று சொல்வது சரியில்லை.

விற்பதானால் சில காரியங்களை முதலில் பார்த்துவிடுங்கள். அந்தமானில் நிலச் சட்டம் தமிழ்நாட்டைப் போன்றதல்ல. 1966-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலம் அடிப்படையில் மத்திய அரசுக்குச் சொந்தம். குடும்பங்களுக்கு இருப்பது அனுபவ உரிமை, அல்லது அரசு கொடுத்த உரிமம். உங்களுக்கு இருப்பது எந்த வகை, அதைக் கைமாற்ற முடியுமா என்பதை நில உரிமைப் பதிவான ஃபார்ம் எஃப் நகலோடு வருவாய்த் துறையில் நேரில் கேளுங்கள். தரகர் தொலைபேசியில் சொல்வதை நம்பி முன்பணம் வாங்காதீர்கள். உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்துவின் சொத்தில், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அண்ணன் தம்பிகள் மட்டும் கூடிப் பேசி முடிக்கிற விஷயம் அல்ல இது.

அந்த வாசகிக்கு என் பதில் இதுதான். உங்கள் அம்மா அந்த வீட்டில் இருக்க விரும்புகிற வரை விற்காதீர்கள். பல வருஷமாக ஐந்து மணிக்கே விடிகிற ஊரில் எழுந்து, அக்கம்பக்கத்தில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் பேசிப் பழகியவரைச் சென்னை அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குக் கூட்டி வந்து உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது. கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுங்கள். துணைக்கு ஓர் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். மூவரும் முறை வைத்துப் போய் இருங்கள். அவர் காலத்துக்குப் பிறகு விற்க நேர்ந்தால், அதில் குடியிருக்கப்போகும் தீவுக் குடும்பத்துக்குக் கொடுக்கப் பாருங்கள். விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

தீவுத் தமிழர் குடும்பங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். தண்டனைக் கைதியாக வந்தவர்களும், கூலி வேலைக்கு வந்தவர்களும், 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களுமாகச் சேர்ந்த சமூகம் அது. அவர்கள் கதையைச் சொல்லும் கப்பல் சீட்டும் வேலை உத்தரவும் பழைய போட்டோவும் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிதான். விற்றாலும் விற்காவிட்டாலும் அதைத் திறந்து பாருங்கள். கிடைப்பதை எங்களுக்கு எழுதுங்கள், பிரசுரிக்கிறோம். மூலத்தை அனுப்ப வேண்டாம், நகல் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்