கை வந்தால் போதுமா? காரியம் வரவேண்டாமா?



சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் மூன்றாம் நாள் ஹேடோ துறையில் வந்து சேரும்போது, உறவினரை வரவேற்கப் போகாதவர் நம்மில் யார்? மூட்டை முடிச்சுகளோடும் ஊர்ப் பலகாரங்களோடும் இறங்குபவர்களுக்கு நடுவே, சில நேரங்களில் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, ஒருவர் மெல்ல இறங்குவார். வைத்தியத்திற்காகச் சென்னை போய்த் திரும்புகிறவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி இறங்கியவர்களில் என் அக்காள் கணவரும் ஒருவர்.

பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள், நடக்கவும் வைத்தார்கள். அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால், நடக்கத் தொடங்கிய மனிதருக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. லுங்கியை இறுக்கிக் கட்ட வரவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக வரவில்லை. "கை நன்றாக வந்துவிட்டதே!" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். கை வந்தது, காரியம் வரவில்லை.

அங்கே ஓர் இளம்பெண் அவரிடம் வந்து உட்கார்ந்து, "ஐயா, வீட்டில் காலையில் எழுந்ததும் முதலில் என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டாள். அத்தான் கண் கலங்கிவிட்டார். நம் தீவில் ஐந்து மணிக்கே பொழுது விடிந்துவிடுகிறதல்லவா? துறைமுக வேலையில் இருந்த காலம் முதல் வீட்டிற்கு முதல் தேநீர் போடுவது அவர்தாம். மறுநாளிலிருந்து அதுவே அவருக்குப் பயிற்சி ஆயிற்று. டப்பா மூடியைத் திறப்பது, கரண்டியால் சர்க்கரையை அள்ளுவது, இடக்கையின் துணையோடு வலக்கையால் பாத்திரத்தைப் பிடிப்பது. இரண்டே வாரத்தில் முகம் தெளிந்தது. அந்தப் பெண் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். அவர் ஓர் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்'.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்

தமிழில் இதைத் 'தொழில்வழிச் சிகிச்சை' என்கிறார்கள். பிழைப்புக்கு ஏதோ கைத்தொழில் கற்றுக் கொடுக்கும் இடம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியன்று. இங்கே தொழில் என்பது செயல். பல் துலக்குவதும் தலை வாருவதும், பள்ளிப் பிள்ளை பென்சில் பிடிப்பதும், அம்மா கோலம் போடுவதும் செயல்தாமே! தசையையும் மூட்டையும் அசைய வைப்பது பெரும்பாலும் இயன்முறை மருத்துவர் பார்க்கும் வேலை. அந்த அசைவை அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படும் செயலாக மாற்றுவது தொழில்வழிச் சிகிச்சையாளரின் வேலை. இரண்டும் இரு கண்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது அறியாமை.

அமெரிக்காவில் 1917-இல் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களால் இதன் அருமை பலருக்கும் புரிந்தது. நம் நாட்டில் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கியவர் திருமதி கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர்.

தமிழ் மண்ணுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தவர்கள் அதைக்கொண்டு வேலை செய்து பிழைக்கவும் வேண்டுமே என்று அவர்களுக்குத் தச்சு முதலிய பயிற்சிகளுக்கும் ஏற்பாடு செய்தார். அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் கண்டார். இத்துறையின் நோக்கத்திற்கு அந்த அம்மையாரின் வாழ்க்கையைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

இத்துறை இன்று வேகமாக மாறி வருகிறது. அதை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தேவை பெருகுகிறது. உலகில் சுமார் 240 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வகை மறுவாழ்வுச் சிகிச்சை பயன்படும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உயிர் பிழைக்கிறவர்கள் கூடுகிறார்கள், முதியவர்களும் கூடுகிறார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கிற்று. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. முன்பு "பிள்ளைக்குச் சேட்டை அதிகம், படிப்பு ஏறவில்லை" என்று அடி வாங்கிய பிள்ளைகளுக்கு உதவி உண்டு என்பதை இன்று பெற்றோர் அறியத் தொடங்கியுள்ளனர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழி இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

இரண்டாவது, சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீட்டிற்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்துக் குழந்தைகளின் வீட்டிற்கு அனுப்புகிறது. அவர்கள் கைபேசிச் செயலியில் பதிவு செய்யும் விவரங்களை நிபுணர்கள் தொலைவிலிருந்தே பார்த்து வழிகாட்டுகிறார்கள். அச்சங்கத்தை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணனும் 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரே.

மூன்றாவது, கருவிகள். சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சி இயந்திரத்தை உருவாக்கியுள்ளன. அதற்காக, விலை உயர்ந்த இயந்திரம் வந்தால்தான் கை தேறும் என்று எண்ண வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலி இருப்பதாக உணர்வோருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தே வழி காட்டினார். அந்தக் கண்ணாடிப் பயிற்சி பின்னர் பக்கவாத நோயாளிகளின் கைக்கும் பயன்பட்டு வருகிறது.

நான்காவது, சட்டம். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், தொழில்வழிச் சிகிச்சையாளர் உள்ளிட்ட மருத்துவத் துணைத் துறையினருக்குத் தேசிய ஆணையத்திற்கும் பதிவேட்டிற்கும் வழி செய்தது. இது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, கண்டவர் எல்லாம் பலகை மாட்டிக்கொள்ள முடியாது. படித்தவருக்கு மதிப்பும் உயரும்.

இதெல்லாம் நமக்கு எட்டுமா?

மீண்டும் என் அத்தானிடம் வருகிறேன். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சீட்டில், "வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு வரவும்" என்று எழுதியிருந்தது. வாரம் இரண்டு முறை! ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் ஒரு தீவில் இருப்பவருக்கு! எழுதியவர் மேல் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எல்லா நோயாளியும் தாம்பரத்திலோ திருவொற்றியூரிலோ இருப்பவர்தாம்.

ஹேடோ வந்ததும் முதல் மாதம் அக்காள் விடாமல் பயிற்சி கொடுத்தாள். பிறகு, செய்வது சரியா தவறா என்ற ஐயம் வந்தது. கேட்க ஆளில்லை. இழுத்துப் பிடித்தால் வலிக்குமோ என்ற பயம். அவர் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே ஊட்டத் தொடங்கினாள். அன்போடு செய்த அந்த உதவியே அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. ஆறே மாதத்தில் விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. இன்று அதிகாலைத் தேநீரை அக்காள்தான் போடுகிறாள். கை போனதற்கு நோய் பாதிக் காரணம். தூரம் மீதிப் பாதி.

அந்தத் தூரத்தைக் குறைக்க இன்று வழி இருக்கிறது. 2020 ஆகஸ்டு 10 அன்று, சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் இணைப்பு தொடங்கி வைக்கப்பட்டது. போர்ட் பிளேயர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மட்டுமன்றி, சுவராஜ் தீப், லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவையும் அதில் இணைந்தன. அந்தக் கேபிளில் நாம் இன்று சினிமாவும் தொடர்களும் பார்க்கிறோம். அதே கேபிள் வழியாக வேலூரிலிருந்து ஒரு நிபுணர் கமோர்ட்டாவில் உள்ள ஒரு தாத்தாவின் கையைப் பார்க்க முடியுமே! செலவு எவ்வளவு மிச்சம்! அலைச்சல் எவ்வளவு மிச்சம்!

"அப்படியானால் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுமே, இங்கே ஆள் எதற்கு?" என்று கேட்கலாம். முடியாது என்பதே என் தாழ்மையான கருத்து. கை இறுகியிருப்பது கேமராவில் தெரியலாம்; எவ்வளவு இறுக்கம் என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். விரலை நிமிர்த்தி வைக்கும் அச்சுப் பட்டையைப் போனில் செய்து மாட்ட முடியாது. அதைவிட முக்கியமானது, வீட்டை அறிந்த ஆள் வேண்டும். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் கரண்டியும் முட்கரண்டியும் இருக்கும். நமக்கோ ரசம் சாதத்தைக் கையால் அள்ள வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். மழைக்கால வழுக்கலில் மேட்டு வீட்டின் படியில் இறங்க வேண்டும். இதை எல்லாம் அறிந்து, தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் பேசத் தெரிந்தவர் நம் தீவுப் பிள்ளையாகத்தான் இருக்க முடியும்.

நாம் செய்யக்கூடியது

நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நமக்குத் தெரிந்தவை இரண்டே: டாக்டர், என்ஜினீயர். டாக்டருக்கு இடம் கிடைக்காவிட்டால் உலகமே இருண்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறோம். உயிரியல் படித்த பிள்ளைக்குத் தொழில்வழிச் சிகிச்சைப் பட்டப்படிப்பு என்று ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

"படித்துவிட்டு இங்கே வந்தால் வேலை எங்கே?" என்பது நியாயமான கேள்வி. படித்த பிள்ளை துபாய்க்கோ லண்டனுக்கோ போய்விடலாம். பிழைப்புக்காகக் கடல் கடந்து இங்கே வந்த நாம் அதைக் குறை சொல்ல முடியுமா? ஆகவே பிள்ளையை மட்டும் அனுப்பினால் போதாது. அவர் திரும்பி வருவதற்கு இடமும் செய்து வைக்க வேண்டும்.

அதற்கு மூன்று யோசனைகளைப் பணிவோடு வைக்கிறேன். சங்கம் மாணவர்களைப் பாராட்டும்போது, இத்துறையைப் பற்றியும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது இதைப் படிக்கக் கைகொடுக்கட்டும். இரண்டாவது, மற்ற மொழிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, நம் தீவுகளில் இத்துறைக்குப் போதிய பணியிடங்கள் வேண்டும் என்று நிர்வாகத்திற்கு மனு கொடுப்போம். நோய்க்கு மொழி வேற்றுமை கிடையாது. மூன்றாவது, இன்றே தொடங்கக்கூடியது: மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் ஓர் அறை, ஒரு கணினி, நாலு தொண்டர்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரை வரவழைத்து, கடலுக்கு அப்பால் உள்ள நிபுணரிடம் பேச வைப்போம். செய்கிற பயிற்சி சரிதான் என்று ஒரு குரல் சொன்னால் போதும். பாதிப் பயம் போய்விடும்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில், மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை. உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். இத்துறையின் எதிர்காலம் என்று அறிஞர்கள் இன்று பேசுவதும் அந்த நான்காமவரைப் பற்றியே. அப்படிப்பட்டவர் நம் தீவில் வீட்டுக்கு வீடு இருக்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

என் அத்தானுக்கு இது காலம் கடந்த பேச்சாக இருக்கலாம். அடுத்த கப்பலில் இறங்கப் போகிறவருக்கு அப்படி ஆகவேண்டாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— ஹேடோவிலிருந்து ஓர் உறுப்பினர்