மான்செஸ்டர் இங்கே, மேடை எங்கே?



கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறார்கள். ஆலைகளைக் கண்டு சூட்டிய பெயர், ஏற்போம். ஆனால், அந்த மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டிலே, பேருந்துப் பரிசோதகர் ஒருவரின் மகள் ஷீலா டெலானி, பத்தொன்பது வயதில் எழுதிய நாடகம் 1958-ல் இலண்டனில் மேடையேறிற்று. அரண்மனையா கதைக்களம்? அல்ல! ஏழைத் தாயும் மகளும் வாடகை அறையிலே படும் பாடு! அதற்கு ஈராண்டு முன்னர், 1956-ல், ஜான் ஆஸ்பர்ன் கொண்டுவந்து நிறுத்திய கதைத்தலைவன் யார்? பல்கலைக்கழகத்தில் படித்தும் மிட்டாய்க்கடை வைத்துப் பிழைக்கும் இளைஞன். வாய் திறந்தால் அனல்!

அந்த நாட்டு இலக்கியத்தைத்தான், பாரதியின் பெயரால் 1982-ல் எழுந்த பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில், பொள்ளாச்சியிலும் கோபியிலும் பிறந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் பயில்கிறார்கள். பயிலட்டும்! ‘வெள்ளையன் நாடகம் நமக்கேன்?’ என்போர் கட்சியல்ல நாம். ஆனால், பயிலும் முறை என்ன? ஆஸ்பர்னின் சினம் ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருங்கி, தேர்வு முடிந்த மாலையே அணைந்துபோகிறதே, அது படிப்பா?

கல்லூரியைப் பாதியில் விட்டவன், நாடகம் எழுதுபவன் என்ற உரிமையோடு கேட்கிறேன். அரண்மனை அதிகாரியின் ஒப்புதலின்றிப் புதிய நாடகம் கூடாது என்று 1737 முதல் இங்கிலாந்தில் இருந்த கட்டு, 1968-ல் அறுந்தது. பாடம் அத்தோடு நிற்கலாமா? அதே வெள்ளை ஆட்சி நம் மேடையின் குரல்வளையை நெரிக்க 1876-ல் இட்ட சட்டம், 2018 வரை ஏட்டிலே இருந்ததைச் சொல்ல வேண்டாமா? எம்.ஆர். இராதாவின் மேடையை மனத்தில் வைத்து 1954-ல் இங்கே வந்த சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, 2013-ல் அன்றோ சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது! இடையே கோட்டையில் ஆட்சிகள் மாறின, சட்டம் மாறவில்லை. தன் ஊர் விலங்கை அறியாதவன், இலண்டன் விலங்கு அறுந்த கதையை எழுதி என்ன பயன்?

கவிதையும் அப்படியே. இலீட்ஸ் நகர ரொட்டிக்கடைத் தொழிலாளியின் மகன் டோனி ஹாரிசன். 1985-ல் அவர் எழுதிய நெடுங்கவிதை 1987-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. அதைப் படிக்கும் மாணவன், 1971-ல் தன் கோவையில் சிறகு விரித்த ‘வானம்பாடி’யையும் அறிய வேண்டாமா?

‘தமிழில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று மேதாவிகள் உதடு பிதுக்கலாம். 1946 சனவரி 8-ல், சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வரைக் கோவைச் சிறையிலே தூக்கிலிட்டார்களே, அந்த வரலாறு இருக்கிறது! எழுதும் கை வேண்டும். ஏறும் மேடை வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு அந்த மாணவர்களை அழையுங்கள். படித்த ஆங்கில நாடகத்தைத் தறிக்காரரும் உழவரும் கேட்கத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். சொல்லி முடித்ததும், ‘நம் ஊர்க் கதையை எப்போது எழுதுவாய்?’ என்று கேளுங்கள். விடை வரும்வரை விடாதீர்கள்!