தேக்காவோடு முடிந்துவிடுமா நம் சரித்திரம்?

சிங்கப்பூர்த் தமிழரின் சரித்திரம் எங்கே இருக்கின்றது என்று நம்மவரில் யாரைக் கேட்டாலும் சிராங்கூன் சாலையைத்தான் கைகாட்டுவார்கள். மாட்டுத் தொழுவங்களும் செங்கற் சூளைகளும் இருந்த இடம் தேக்கா ஆன கதையைச் சொல்லப் புத்தகங்கள் உண்டு. காம்பெல் லேனில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் உண்டு. இவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால், தீவின் வடகோடியிலுள்ள செம்பவாங், நீ சூன், மண்டாய் ஆகிய நாட்டுப்புறத்தை, “அந்தக் காட்டிற்கு ஏது சரித்திரம்?” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் மனப்பான்மையை மட்டும் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

முதலில் அப்பகுதியின் பூகோளத்தைப் பார்ப்போம். வடக்கே ஜொகூர் நீரிணை. கிழக்கே சிலேத்தார் ஆறு. தெற்கே மண்டாய்க் காடும் நீர்த்தேக்கங்களும். இடையே செம்பவாங், சிம்பாங் எனும் சிற்றாறுகளும் அவற்றின் சதுப்பு நிலங்களும். நகரத்திலிருந்து பன்னிரண்டு மைலுக்கு மேல். ஊர்ப்பெயரைச் சொல்வதைவிட மைல்கல்லின் எண்ணைச் சொல்லியே இடத்தைக் குறித்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றோரக் காடுகளை வெட்டியவர்கள் சீனக் குடியானவர்கள். தோல் பதனிடவும், வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட கேம்பியர் செடியையும் மிளகையும் அவர்கள் பயிரிட்டனர். கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகிற்காகக் காடு அழிந்தது. மண்ணும் சில ஆண்டுகளில் சத்திழந்தது. விட்டுச் சென்ற நிலத்தில் லாலாங் புல் மண்டியது. அந்த நிலத்திற்குத்தான் பின்னர் ரப்பர் வந்தது. 1877-ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 ரப்பர்க் கன்றுகளே. 1888-இல் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டி பெருகவே ரப்பரின் விலை ஏறிற்று. 1911-ஆம் ஆண்டளவில் புக்கிட் செம்பவாங் ரப்பர் கம்பெனி ஏற்பட்டது. அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும் பொருளீட்டிய லிம் நீ சூன் என்ற சீனக் கனவானின் பெயர் ஓர் ஊருக்கே ஆயிற்று. அப்பெயரின் மாண்டரின் உச்சரிப்பே இன்றைய யீஷூன். அவர் புதல்வரின் பெயரைத் தாங்கியது சோங் பாங் கிராமம்.

கம்பெனிக்குப் பெயர் இருக்கின்றது. தவுக்கேக்குப் பெயர் இருக்கின்றது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பனியில் நனைந்து, மரம் மரமாய்ச் சீவிப் பால் சுமந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் எங்கே என்று கேட்கின்றோம்! ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகும் கங்காணிகள் நம் கிராமங்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். உதவிச் செலவில் கூலிகளை மலாயாவிற்கு அனுப்புவதை 1938-இல் இந்திய சர்க்கார் தடுக்கும்வரை இது நடந்தது. அவ்விதம் வந்தவர்களின் வியர்வை கலவாத ரப்பர் மலாயாவில் எவ்வளவு இருந்திருக்கும்?

அடுத்து, கடற்படைத் தளம். 1920-களில் பிரிட்டிஷ் சர்க்கார் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்து, ரப்பர்த் தோட்டத்தையும் சதுப்பையும் திருத்தித் தளம் அமைத்தது. ஐந்தாம் ஜார்ஜின் மைந்தர் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் பெருங்கப்பற்றுறை 1938 பிப்ரவரி 14-இல் திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெல்லமுடியாத கோட்டை என்று பறைசாற்றிய பேச்சு பொய்த்தது. பிழைத்துக் கிடந்த தொழிலாளிதான் 1945-க்குப் பின் மறுபடியும் துறைமுகத்தை நடத்தினான். 1952-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தாங்கள் கூலிகள் அல்லர், உரிமையுள்ள மனிதர் என்பதைக் காட்டினர். 1968-இல் கப்பற்றுறை செம்பவாங் ஷிப்யார்டு ஆயிற்று; 1971-இல் பிரிட்டிஷ் படைகள் விலகின. வேலையிழந்தவர்களில் பலர் கிடைத்த தொகையோடு தாயகம் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றினர்.

இப்பொழுது செம்பவாங்கிற்குப் போய்ப் பாருங்கள். கான்பெரா, வெல்லிங்டன், டர்பன், ஆக்லாந்து என்று சாம்ராஜ்யத்தின் ஊர்களெல்லாம் தெருப்பெயராய் நிற்கின்றன. 1996-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையமும், அடுக்குமாடி வீடுகளும், பூங்காவும் இருக்கின்றன. 1909-இல் கண்டறியப்பட்ட வெந்நீர் ஊற்றுக்கும் பூங்கா அமைத்து, 2020-இல் திறந்துவிட்டார்கள். வெந்நீருக்குக் கிடைத்த மரியாதை வியர்வைக்குக் கிடைக்க வேண்டாமா?

இதற்கு நம்மவர் சிலர் கூறும் சமாதானங்களைக் கவனிப்போம்.

“நமக்குச் சோழர் சரித்திரம் போதாதா? ராஜேந்திரன் கடாரம் கொண்டானே!” என்பது ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த மன்னனின் படையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காய்ப் பேசுகின்றவர், தம் பாட்டனார் எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் மைலில், எந்த லயனில் குடியிருந்தார் என்று கேட்டால் விழிக்கின்றார். மன்னனின் வெற்றியில் பங்கு கேட்கின்றவருக்குப் பாட்டியின் பால்வாளி மட்டும் இழிவாய்த் தோன்றுவது என்ன நியாயம்?

“கூலி வேலை செய்ததை வெளியிற் சொன்னால் பிள்ளைகளுக்குக் கௌரவக் குறைவல்லவா?” என்பது இரண்டாவது. உழைத்துண்டவனின் பெயருக்கு வெட்கப்படுவது, உழைப்பை இழிதொழிலென்று பிரித்து வைத்த பழைய சாதிப்புத்தியின் மிச்சமே என்போம். மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயன்களைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சரித்திரம் எழுதும்போது அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வெள்ளைக்காரன் செய்த கொடுமையை மட்டும் எழுதி, நாம் நம்மவருக்குச் செய்ததை மூடிவிட்டால் அது சரித்திரமாகாது.

“சர்க்கார் பார்த்துக்கொள்ளும்” என்பது மூன்றாவது. தேசிய ஆவணக் காப்பகத்தார் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகின்றனர். பழைய தமிழ்ப் பத்திரிகைகளும் கணினி வழியே படிக்கக் கிடைக்கின்றன. வாசல் திறந்திருக்கின்றது. உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டிய பொருள் அவரவர் வீட்டுத் தகரப்பெட்டியிலும், அவரவர் வீட்டுக் கிழவரின் நினைவிலும் அல்லவா இருக்கின்றது? தளத்தில் வேலை பார்த்த மலையாளச் சகோதரர்கள் அங்கேயே தங்கள் மொழிக்கென நூல்நிலையம் கண்டார்கள். தளத் தொழிலாளர் ஒருவரின் முயற்சியால் எழுந்த புனிதமரப் பாலசுப்பிரமணியர் கோயில், யீஷூனுக்கு இடம்பெயர்ந்தும் பங்குனி உத்திரத்தன்று ஆயிரக்கணக்கானவரைக் கூட்டுகின்றது. காவடிக்குக் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் தம் குடும்பத்தின் தோட்டக் கதையை எழுதிக் கொடுத்தாலும் ஒரு நூல்நிலையம் நிறையுமே!

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். சங்கங்கள் ஆண்டுவிழாவின் மாலை மரியாதைச் செலவில் பாதியைக் குறைத்து, முதியோரைக் கண்டு பேசி எழுதுவதற்கு ஒதுக்கட்டும். சம்பளப் புத்தகம், கப்பற்சீட்டு, பள்ளிச் சான்று, கல்யாணப் படம் எதுவாயினும் காப்பகத்தில் ஒரு பிரதி சேரட்டும். தமிழாசிரியர்கள் மாணவரைத் தேக்காவிற்கு அழைத்துச் செல்வதோடு நில்லாமல் செம்பவாங்கிற்கும் அழைத்துச் செல்லட்டும். பெண்களின் பெயரை விடாமல் எழுதுங்கள். அவர்கள் சீவிய மரங்கள் குறைந்தனவல்ல.

நாள் அதிகமில்லை. கப்பற்றுறை கைமாறிய 1968-இல் இருபது வயதாயிருந்த வாலிபர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர். தோட்டத்து லயனில் பிறந்து வளர்ந்தவர்கள் அவரினும் மூத்தவர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டிற்குப் போகும் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தின் பெயர், மைல்கல், லயன், கங்காணி, உடன் வேலை செய்தோர் என்ற ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.