எந்த விரலால் பூச வேண்டும்?

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மழைநாள். வெலிமடைப் பஸ் நிலையத்தில், லீக்ஸ் மூட்டைகளுக்கும் கரட் மூட்டைகளுக்கும் இடையே ஒதுங்கி நின்றிருந்தோம். நமக்குப் பின்னால் இருவர் தமிழில் உரையாடுவது காதில் விழுந்தது. ஒரு குரல் தோட்டத்து மூதாட்டி ஒருவருடையது. மற்றக் குரலில் தமிழ் அடிக்கடி இடறி விழுந்தது. ஆயினும் உடனே எழுந்து மேலே நடந்தது. திரும்பிப் பார்த்தோம். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருவர், காலில் ரப்பர் செருப்பும் கையில் நனைந்த துணிப்பையுமாக நின்றிருந்தார். "மழை பெய்தான்" என்றார் அவர். "மழை பேஞ்சுதுன்னு சொல்லு, புள்ள" என்று மூதாட்டி திருத்தினார். அவரும் பள்ளிப்பிள்ளை போல இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பஸ் வரத் தாமதமாயிற்று, பேச்சுக் கொடுத்தோம். அவர் ஐரோப்பிய நாடொன்றிலிருந்து, தம் திருச்சபையின் சார்பில், ஓராண்டுக்குத் தொண்டு செய்ய வந்தவர். ஊதியம் இல்லை, உண்ண உணவும் உறங்க ஓர் அறையும் மட்டுமே. பட்டினத்திலிருந்து சில மைல் மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் தங்கியிருக்கிறார். "வந்து பாருங்கள்" என்று அழைத்தார். அடுத்த சனிக்கிழமை சென்றோம்.

கடல் கடந்து சென்று தொண்டு செய்பவரின் வாழ்வு வீரச்செயல்கள் நிறைந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அங்கே நாம் கண்டது வேறு. அப்பெண் வைகறை ஐந்து மணிக்கு எழுகிறார். வாளித் தண்ணீரில் குளியல். தை மாதத்தில் வந்திறங்கிய முதல் வாரம் முழுவதும் குளிக்கும்போதெல்லாம் அழுதாராம். வெலிமடையின் தைக் குளிரை அறிந்தவர்கள் அவரைக் குறைகூற மாட்டார்கள். பிறகு சிறிது நேரம் செபம். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் காலை உணவு. ஆறரை மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறார்.

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் தம் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அரசாங்கக் கடிதங்களில் அதற்குச் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர். மலையில் எவர் வாயிலும் அது பிள்ளைக் காம்பராதான். அங்கே ஆயம்மா ஒருவரின் கீழ் இப்பெண் வேலை செய்கிறார். மூக்குத் துடைப்பது, துணி அலசுவது, கஞ்சி ஊட்டுவது, அழும் பிள்ளையைத் தோளிற் போட்டுத் தட்டுவது: இவைதாம் அவர் கடல் கடந்து வந்து செய்யும் காரியங்கள். பிற்பகலில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் தமிழ் படிக்கிறார். ழகரம் வராவிட்டால் அந்தக் குருவுக்குப் பொறுமை இருப்பதில்லை. மாலை நாலரை மணிக்குச் சிறு தேவாலயத்தின் பக்கத்துக் கூடத்தில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பதினேழு பேருக்கு ஆங்கிலமும் கணிதமும் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டில் ஏறி நின்றால்தான் தொலைபேசி வேலை செய்யும். அங்கிருந்து தாயுடன் பேசுகிறார். மழை நாளில் ஒரு கையில் குடை, மறு கையில் தொலைபேசி, காலில் அட்டை.

வந்த புதிதில் அவர் ஒரு பிழை செய்தாராம், தாமே சொன்னார். பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கி, அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். ஆயம்மா ஒன்றும் சொல்லாமற் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "படம் புடிக்கிறவங்க நெறையப் பேரு வந்தாங்க, புள்ள. படத்தக் கொண்டாந்து குடுத்தவங்க யாருமில்ல" என்றார். அச்சொல்லில் கோபம் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, எஞ்சியோரின் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதியாகும்வரை காத்திருந்த சமூகம் அது. எத்தனையோ பேர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் அவர்கள். அப்பெண் அந்த வாரமே வெலிமடைக்கு இறங்கிப் படங்களை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பின் படம் பிடிக்கவில்லை.

நாம் சைவர்; மனத்தில் இருந்ததை மறைக்காமற் கேட்டோம். "இந்தப் பிள்ளைகளைக் கிறிஸ்தவராக்கும் எண்ணம் உண்டா?" அவர் முகம் சுளிக்கவில்லை. "காலையில் செபம் செய்கிறேன். அதற்குப் பிறகு வேலை செய்கிறேன்" என்றார். பக்கத்தில் இருந்த ஆயம்மா சிரித்தார். பிறகு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஒரு நாள், குழந்தையின் நெற்றியில் திருநீறு பூச மறந்துவிட்டதாக ஒரு தாய் மலைக்குப் போகும் வழியில் பதறினாளாம். பிரட்டுக்கு நேரமாயிற்று; திரும்பிப் போக இயலாது. இப்பெண் அவள் கையிலிருந்த சிறு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆயம்மாவிடம் கேட்டாராம்: "எந்த விரலால் பூச வேண்டும்?"

அன்று மாலை பஸ்ஸில் இறங்கி வரும்போது அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. பிறருக்குத் தொண்டு செய்யச் செல்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய இலக்கணம் முழுவதும் அவ்வொரு கேள்விக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றிற்று.

மறுவாரம் நம் உயர்தர வகுப்பில் இதைச் சொன்னோம். முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார், கூர்மையான அறிவுடையவர். "சேர், இவர்கள் கடைசியில் மதம் மாற்றத்தானே வருகிறார்கள்?" என்றார்.

அக்கேள்வியை அலட்சியம் செய்வது நேர்மையாகாது. அதற்கு வரலாற்றில் வேர் உண்டு. 1854ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் சிலர் கண்டி மலைகளின் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டனர். தொழிலாளரின் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் வேண்டும் என்பதே காரணம். அந்தப் பணிக்குத் தோட்டத் துரைமாரும் பொருள் உதவினர். அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. பெயரிலுள்ள இரண்டாம் சொல் இன்று நம் செவியைச் சுடுகிறது. அவர்கள் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள், அதை மறைக்கவுமில்லை. ஆயினும் வேறெவரும் எழுத்துச் சொல்லிக் கொடுக்க முன்வராத இடத்தில் சிலேட்டும் பலகையும் அந்த வழியாகவே வந்தன. நம் ஊவாவிலும், மெதடிஸ்த சபையைச் சேர்ந்த சாமுவேல் லாங்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணிபுரிந்தார். அப்பணியைப் பற்றி அவர் எழுதி 1890இல் வெளிவந்த நூலின் பெயர் 'மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு' என்பது.

இதற்கு நாம் தரக்கூடிய மறுமொழி யாது? அதை அறிய யாழ்ப்பாணத்துப் பெரியார் இருவரின் வாழ்வை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். இருவரும் 1822ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். ஒருவர் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தமிழ் கற்றார், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், அறுபதுக்கு மேற்பட்ட மாணவரை மருத்துவராக்கினார். பிற்காலத்தில் தமிழிலேயே பாடம் நடத்தினார். இரண்டு கட்டமாக 1873வரை இங்கே பணிபுரிந்தார்.

மற்றவர் ஆறுமுக நாவலர். மெதடிஸ்தப் பாடசாலையிற் படித்தவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். மிஷன் பாடசாலைகளால் சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை இழக்கிறார்கள் என்று கண்டபோது, அவர் குறைகூறுவதோடு நிற்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடநூல் இல்லையா? தாமே எழுதினார். அச்சகம் இல்லையா? தாமே நிறுவினார். மாற்றாரின் வேலைக்கு அவர் தந்த மறுமொழி, தம்முடைய வேலை. கிறீனும் நாவலரும் சமயத்தால் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். உழைப்பால் ஒரே திசையில் நடந்தவர்கள்.

இன்னொன்றும் மாணவருக்குச் சொன்னோம். 1958இல் இங்கிலாந்தின் ஞாயிற்றுப் பத்திரிகை ஒன்றில் போர்ட்ஸ்மவுத் ஆயரின் கடிதம் ஒன்று வெளிவந்தது. பள்ளிப்படிப்பு முடிந்து பல்கலைக்கழகம் புகுமுன் காத்திருக்கும் இளைஞரை ஓராண்டு அயல்நாட்டுப் பணிக்கு அனுப்பலாமே என்பது அதன் கருத்து. அதற்குப் பின்னால் இருந்தவர் அலெக் டிக்சன் என்பவர். அவரும் அவர் மனைவி மோராவும் அவ்வாண்டிலேயே இளைஞர் சிலரைத் திரட்டி அனுப்பினர். அவர்களுட் பெரும்பாலோர் பதினெட்டு வயதினர். கைத்தொழில் தெரியாது, பட்டம் கிடையாது. இருந்தது காத்திருக்கும் ஓராண்டுக் காலம் ஒன்றுதான். இன்று உலகெங்கும் ஆள் அனுப்பும் பெரிய தொண்டர் நிறுவனமொன்று அவ்விதம் பிறந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஓராண்டு புதிய செய்தியன்று.

பிறகு அந்த மாணவரைக் கேட்டோம்.

"தம்பி, உமது வீடு எங்கே?"

ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். நாம் சென்று வந்த தோட்டத்திற்கு அடுத்த மலை அது.

"விடுதிக்கு வந்தபின் எத்தனை தடவை போயிருப்பீர்?"

"தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவேன், சேர்."

"உமது லயத்திலிருந்து இவ்வாண்டு சாதாரண தரம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?"

அவருக்குத் தெரியவில்லை. தலை குனிந்தார். அவரை நாணச் செய்தது நமக்கு மகிழ்ச்சியாக இல்லை; ஏனெனில் அக்கேள்வியின் முனை நம் பக்கமும் திரும்பியிருந்தது. இக்கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகள் கற்பித்துவிட்டோம். தோட்டத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோர் நம் வகுப்பறைக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் வந்த வழியில் நாம் திரும்ப ஏறிப் போனது எத்தனை தடவை? அந்தச் சனிக்கிழமைக்கு முன், ஒரு மரண வீட்டிற்கும் இரண்டு திருமணங்களுக்கும் போயிருக்கிறோம். அவ்வளவுதான். கோயில் திருவிழாக்களில் தொண்டின் பெருமை குறித்துப் பேசிய மேடைகளின் எண்ணிக்கை இதைவிட அதிகம்.

அன்பர்களே, அயல்நாட்டார் வந்து நமக்குத் தொண்டு செய்யட்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று வாரம் தங்கி, சுவருக்கு வண்ணம் பூசி, குழந்தைகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, விமானம் ஏறிவிடும் தொண்டும் உலகில் உண்டு. பழகிய முகம் திடீரென மறைவதைத் தாங்க வேண்டியவர்கள் அக்குழந்தைகளே. அயலார் எவ்வளவு நல்லவராயினும் ஒரு நாள் ஊர் திரும்ப வேண்டியவர். நாம் திரும்பிப் போவதற்கு வேறு ஊர் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வருபவர் முதலிற் கற்க வேண்டிய மொழியை நாம் தாயின் மடியிலேயே கற்றுவிட்டோம். எந்த விரலால் பூச வேண்டும் என்று நாம் எவரையும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை வசதியும் இருந்தும் மலைப்பாதையில் நம் காலடியைக் காணோம்.

மார்கழி முடிவில் அந்தப் பெண்ணின் ஓராண்டு நிறைவடைகிறது. பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா இருப்பார், அவ்வேலை நடக்கும். மாலை வகுப்பை யார் நடத்துவது என்பதற்குத்தான் அங்கே விடை இல்லை. பதினேழு பிள்ளைகளும் பரீட்சையை நோக்கியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். "சேர், எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க வரும். பரீட்சை முடிந்ததும் செவ்வாயும் வியாழனும் நான் போகிறேன். ஆங்கிலம்தான்..." என்று இழுத்தார். ஆங்கிலத்துக்குச் சனிக்கிழமை நாம் வருவதாகச் சொன்னோம். சொல்லியதை நாமே மறந்துவிடாதபடி இங்கே எழுதியும் வைக்கிறோம்.

தை மாதம் முதற் சனிக்கிழமை, மாலை நாலரை மணி. நல்ல குடையொன்று வாங்க வேண்டும். அட்டைக்குத் தடவச் சவர்க்காரமும் உப்பும் எடுத்துக்கொள்ளும்படி ஆயம்மா சொல்லியிருக்கிறார்.