புதுச்சேரி போனால் வாய்க்காலைத் தாண்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

விடுமுறைக்குப் புதுச்சேரி போய்வரும் தம்பதிகள் போடும் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சுவரில் சாய்ந்து ஒரு சிரிப்பு. அடுத்து கடற்கரைச் சாலையில் காந்தி சிலை. அடுத்து பீட்சா. போடுகிறவர்களில் என் பழைய மாணவர்களும் இருப்பதால் உரிமையோடு சொல்கிறேன்: கண்ணு, நீ பார்த்தது பாதி ஊர்தான்.

அந்தப் படங்களில் வீட்டைக் கவனியுங்கள். தெரிவது மதில்தான். பிரெஞ்சுக்காரர் வீடு தெருவுக்கு முதுகு காட்டும். உயரமான சுவர், பெரிய கதவு, தோட்டமும் தூண்களும் உள்ளே. அழகில்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே நிற்பவருக்கு அங்கே வேலை இல்லை. போன மாதம் நானும் என் வீட்டுக்காரரும் திண்டிவனத்திலிருந்து காலைப் பேருந்தில் போயிருந்தோம். நாலு தெரு நடந்ததும் அவருக்கு முட்டி வலி. "ஏம்மா, இவ்வளவு பெரிய வீடுங்க, உட்கார ஒரு இடம் இல்லையே" என்றார். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போவோங்க, திண்ணை இருக்கும்" என்றேன்.

பெரிய வாய்க்கால்தான் அந்த ஊரைப் பிரிக்கிறது. கடல் பக்கம் வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். கீழ்த்தளம் அசல் தமிழ் வீடு: தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த ஓட்டுத் தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம். அண்ணாந்து பார்த்தால் மாடி பிரெஞ்சு பாணி: வளைவு சன்னல், சுதைத் தூண், கைப்பிடிச் சுவர். இரண்டு நாகரிகம் ஒரே சுவரில் ஏறி நிற்கிறது. இப்படி ஒரு கலப்பைப் பார்க்கத்தான் புதுச்சேரி போக வேண்டும். சுத்தமான பிரெஞ்சு வீடு பார்க்க பிரான்சே இருக்கிறதே.

ரங்கப்பிள்ளை வீதியில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் இந்த வகைதான். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது தப்பிய மிகச் சில வீடுகளில் ஒன்று. அவர் 1736-இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பைப் பாடத்தில் ஒரு வரியில் நடத்திவிட்டுப் போகிறோம். வீடு இன்னும் நிற்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தாரே, அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதி வீடும் இந்தப் பக்கம்தான். பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. அவரும் பள்ளி வாத்தியார், அதனால் எனக்கு அங்கே தனிப் பாசம்.

இனி நான் சொல்ல வந்தது. இந்தத் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த கடை கட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் திண்ணைகளிலும் பாதிக்குக் கம்பிக் கதவு. "சொந்தக்காரருக்குப் பணத்தாசை" என்று சுலபமாகப் பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வீடு, அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று எட்டுப் பங்கு. சுண்ணாம்புக் காரை, மெட்ராஸ் தளம் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தால் கூலி அதிகம். ஒரு மழைக்கு ஓடு மாற்றவே ஓய்வூதியம் போதாது. அந்தச் செலவை அவர் தலையில் கட்டிவிட்டு, அழகை மட்டும் நாம் அனுபவிப்பது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையிலும் வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். சொந்தக்காரரும் செலவில் பங்கு கொடுத்தார். 2008-இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கடற்கரையில் 2014 மழையில் சரிந்து விழுந்த மேரி கட்டடத்தைப் பழைய உருவிலேயே எழுப்பி 2021-இல் திறந்தார்களே, அதற்கு உலக வங்கிப் பணம் வந்தது. கடலைப் பார்த்த கட்டடத்துக்கு வரும் பணம் வாய்க்காலைத் தாண்டியும் வரட்டும் என்கிறேன். கார் நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால்கூடப் போதும்.

கடற்கரையும் இதே கதைதான். சிறு வயதில் நான் அங்கே மணலில் விளையாடியிருக்கிறேன். 1980-களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தது. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவரில் மணல் தங்கிவிட, வடக்கே இருந்த ஊர்க் கடற்கரை கரைந்து பாறாங்கல்தான் மிஞ்சியது. பிறகு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததும் காந்தி சிலைக்குப் பக்கத்தில் மணல் திரும்பியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் இன்னும் வடக்கே தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி மீனவர்கள் கரையை இழந்ததற்கு யாரும் நின்று படம் எடுப்பதில்லை.

சாப்பாடு. பீட்சா வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் வடகம் தாளித்த மீன் குழம்பும் சுறாப்புட்டும் கேளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி வெயிலில் காயவைத்த அதே வடகம்தான். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'வடுவான்' ஆக்கி அவர்கள் சமையலில் சேர்த்துக்கொண்டார்கள். எங்க வீட்டுக்காரர் இரண்டு முறை குழம்பு வாங்கினார். சர்க்கரைக்காரர், சோற்றைக் குறைத்து ஈடுகட்டினார்.

போகிறவர்கள் காலை 7 மணிக்குள் தமிழர் தெருக்களில் இருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம், திண்ணைக் கம்பிக் கதவும் திறந்திருக்கும். யாராவது வெளியே இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். எங்களை ஒரு பாட்டி உட்காரவைத்து மோர் கொடுத்தார். அந்த வீட்டையும் விற்கப் பேச்சு நடக்கிறதாம்.