பிளேடு 2 – பிளேடு போடுறது படமா, நம்மாளுங்களா?

டிஸ்கி: ரத்தம், சாக்கடை, தாடை ரெண்டா பிளக்கிற ஜந்து இதெல்லாம் ஆகாதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. படத்தோட முடிவையும் போட்டு உடைச்சிருக்கேன், அப்புறம் வந்து திட்டக் கூடாது.

2024-ல 'டெட்பூல் & வோல்வரின்' வந்துச்சு இல்லையா? இருபது வருஷம் கழிச்சு வெஸ்லி ஸ்னைப்ஸ் அதே கறுப்புக் கோட்டு, கண்ணாடியோட வந்து நின்னார். அதுல இருந்து எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பொடிசுங்க எல்லாம் பழைய பிளேடு படங்களைத் தோண்டி எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. சந்தோஷம்தான். ஆனா பார்த்துட்டு வந்து டீ குடிக்கிற நேரத்துல சொல்ற கருத்து இருக்கே... அடங்கப்பா!

"மொதப் பார்ட் மாஸ்ணே, ரெண்டாவது மொக்கை."
"மேட்ரிக்ஸை அப்படியே சுட்டிருக்கான்."
"செத்தவனைக் கூட்டிட்டு வர்றான், லாஜிக்கே இல்ல."
"கதைன்னு ஒரு மண்ணும் இல்ல."

இதுல ஒண்ணு கூட புதுசு இல்ல மக்களே. 2002-லயும் இதையேதான் பேசினோம். 'பேசினாங்க'ன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்தக் கூட்டத்துல அடியேனும் உண்டு. அதை அப்புறம் சொல்றேன், முதல்ல பஞ்சாயத்தை முடிச்சிடுவோம்.

மேட்ரிக்ஸ் காப்பி? சாமி, காலண்டரைப் பாருங்க. முதல் 'பிளேடு' வந்தது ஆகஸ்ட் 1998. மேட்ரிக்ஸ் வந்தது மார்ச் 1999. நீளக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, டெக்னோ இசை எல்லாம் இந்தப் பக்கம்தான் முன்னாடி வந்துச்சு. பிளேடுங்கிற பாத்திரம் காமிக்ஸ்ல பொறந்ததோ 1973-ல. தம்பி அண்ணனைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம், அண்ணன் இன்னும் பொறக்காத தம்பியைப் பார்த்து எப்படிங்க அடிப்பான்?

செத்தவனை எழுப்பிட்டு வந்தது? முதல் படத்துல கிழவர் விஸ்லரைக் காட்டேரிங்க கடிச்சுப் போட்டுட்டுப் போயிடும். அவர் கையில துப்பாக்கியைக் குடுத்துட்டு பிளேடு வெளியே நடப்பான். பின்னாடி ஒரு வெடிச் சத்தம். அவ்வளவுதான், பொணத்தை யாரும் நமக்குக் காட்டலை. ஓட்டை அங்கேயே விட்டு வெச்சிருக்காங்க. சரி, வியாபாரத்துக்காகத்தான் கூட்டிட்டு வந்தாங்கன்னே வெச்சுக்குவோம். வந்தவரைச் சும்மா உட்கார வைக்கலையே! 'இந்தாளு முழுசா குணமாயிட்டாரா, இல்ல இன்னும் அந்தப் பக்கம்தானா?'ன்னு ஒரு சந்தேகத்தை நம்ம கையில திணிச்சுட்டு, நம்ம கண்ணு கிழவர் மேலயே இருக்கிற நேரத்துல துரோகத்தைப் பக்கத்துல நிக்கிற சின்னப் பையன் ஸ்கட் கிட்டேர்ந்து எடுப்பாங்க. இது லாஜிக் இல்லாத வேலையா?

இப்ப வாங்க பெரிய குற்றச்சாட்டுக்கு. 'கதையே இல்ல.'

கதை என்ன? காட்டேரிங்களையே கடிக்கிற ஒரு புது ஜந்து கிளம்பிடுது, பேரு ரீப்பர். அதுக்கு வெள்ளியும் பூண்டும் வேலைக்கு ஆகாது, சூரிய வெளிச்சம் ஒண்ணுதான் மருந்து. பயந்து போன காட்டேரித் தலைவர் டமாஸ்கினோஸ், ஜென்ம விரோதி பிளேடு கிட்டயே சமாதானம் பேச ஆள் அனுப்புறார். யாரோட சேர்ந்து வேட்டைக்குப் போகணும்? பிளேடைப் போட்டுத் தள்றதுக்குன்னே ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்த 'பிளட்பேக்' கும்பலோட. அதுல ஒருத்தன், ரைன்ஹார்ட், முதல் சந்திப்புலயே பிளேடோட தோல் நிறத்தை வெச்சு ஒரு நக்கல் கேள்வி கேட்பான். பதிலுக்கு அவன் பின்மண்டையில ஒரு வெடிகுண்டை ஒட்டிட்டு 'இப்ப பேசு'ங்கிற மாதிரி நிப்பான் நம்மாளு. ரெண்டே நிமிஷத்துல யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சு போச்சு. வேற என்ன கதை வேணும்?

அதுக்கும் அடியில இருக்கிறதுதான் விஷயம். நோமக்னு ஒரு ரீப்பர். அவன்தான் முதல் ஆள், எல்லாம் அவன்கிட்ட இருந்து பரவினதுதான். அவன் கிருமியால பொறந்தவன் இல்ல, டமாஸ்கினோஸோட சொந்த மகன். காட்டேரி இனத்தோட பலவீனம் எல்லாம் இல்லாத வாரிசு வேணும்னு அப்பனே ஆய்வுக்கூடத்துல உருவாக்கி, நினைச்ச மாதிரி வரலைன்னதும் தூக்கிப் போட்ட பிள்ளை. அந்தப் பிள்ளையை வேட்டையாட அப்பன் அனுப்புறது யாரை? சொந்த மகள் நிஸ்ஸாவை. அதுவும் உண்மையைச் சொல்லாம.

இன்னொரு பக்கம் பாருங்க. விஸ்லர் பிளேடுக்கு ரத்த சம்பந்தம் இல்லாத அப்பன். அந்தக் கிழவருக்காக ஊர் ஊரா தேடி பிராக் வரைக்கும் வந்து நிக்கிறான் இவன். ரத்தத்தைப் பத்தியே பேசுற படத்துல, ரத்த உறவு எல்லாம் அழுகிக் கிடக்கு, உறவே இல்லாத உறவு மட்டும் நிக்குது. இது கதை இல்லைன்னா எது கதைன்னு எனக்குப் புரியலை.

கடைசியில உண்மை தெரிஞ்ச நிஸ்ஸா, அப்பன் தப்பிக்கிற வழியை மூடுவா. மகன் வந்து அப்பனை முடிப்பான். அப்புறம் நோமக், பிளேடோட வாளைத் தன் கையாலேயே உள்ள இறக்கிக்குவான். ரீப்பரா மாறிட்டிருக்கிற நிஸ்ஸா, காட்டேரியாவே சாகணும்னு கேட்டு, விடியற சூரியனைப் பார்த்துட்டே பிளேடு கையில சாம்பலாப் போவா. வெட்டுக்குத்துப் படம்னு சொல்லி உட்கார வெச்சு நம்மளைக் கலங்க வெக்கிற இடம் அது.

குறையே இல்லைன்னு சொல்ல வரலை. ஆரம்பத்துல அந்த விளக்கு வரிசைக்கு முன்னாடி நடக்கிற வாள் சண்டையில கம்ப்யூட்டர் பொம்மைங்க ரப்பர் மாதிரி எகிறுறது அன்னிக்கே உறுத்துச்சு, இன்னிக்கு சிரிப்பு வருது. டோனி யென்னைக் கூட்டிட்டு வந்து வாயைத் திறக்க விடாம, சண்டை அமைக்கவும் கொஞ்சம் நிக்கவும் வெச்சது பாவம். பிளட்பேக்ல பாதிப் பேரு மனசுல பதியறதுக்குள்ள காலி. ஒத்துக்கறேன். ஆனா குறை சொல்றது வேற, பார்க்காமலே ஒதுக்குறது வேற.

இப்ப என் கதை. 2002 கடைசி, திருவல்லிக்கேணி மேன்ஷன். ஒரு ரூம்ல மூணு பேரு, ஒரு வாடகை விசிடி, கடன் வாங்கின கம்ப்யூட்டர். படம் ஓட ஓட நான் கமெண்ட் அடிச்சுட்டே இருந்தேன். "பேரே பிளேடு, அப்புறம் அறுக்காம என்ன பண்ணும்?"னு ஒரு மொக்கை ஜோக்கு வேற. படம் முடிஞ்சதும் ரூம்மேட் ஒருத்தன் மெதுவா கேட்டான்: "மச்சி, அந்த அப்பன் மகன் மூஞ்சியைப் பார்த்த பார்வையைப் பார்த்தியா?"

நான் சிரிச்சேன். "டேய், ரத்தக்காட்டேரி படத்துல சென்டிமென்ட்டா?"ன்னு ஓட்டினேன். அவன் அதுக்கு மேல பேசலை. படிப்பைப் பாதியில விட்டதுக்காக அப்பா 'இனி வீட்டுப் படி ஏறாதே'ன்னு சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு அவனுக்கு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் தோணலை. ஏன்னா படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 'இது மொக்கை'ன்னு முடிவு பண்ணிட்டேன், அப்புறம் எதுக்கு ஸ்கிரீனைப் பார்க்கணும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனைத்தான் எதுக்குப் பார்க்கணும்?

என் கோபம் இதுதான். 2018-ல 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்துக்காக கில்லர்மோ டெல் டோரோ சிறந்த இயக்குநர் ஆஸ்கார் வாங்கினார், சிறந்த படமும் அதேதான். உடனே எல்லாரும் "ஆஹா, அரக்கனுக்குள்ள மனசைப் பார்க்கிற கலைஞன்"னு எழுதித் தள்ளினோம். அய்யா, பிளேடு 2 எடுத்ததும் அதே ஆளுதான்! 1993-ல 'குரோனோஸ்'ல ஒரு காட்டேரித் தாத்தாவையும் பேத்தியையும் வெச்சு அவர் தொட்ட இடம்தான் இங்கேயும் இருக்கு. அப்ப கைல ஆஸ்கார் இல்ல, பேருக்குப் பின்னாடி '2'ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. அதனால நமக்குக் கண்ணு தெரியலை.

நம்பரைப் பார்த்து மதிப்பு போடுறது ஒரு சோம்பேறித்தனம். 2004-ல வந்த மூணாவது பாகம் சொதப்பல்தான், ஆனா அதைச் சொல்றதுக்கும் பார்த்துட்டுத்தான் சொல்லணும். மூணு படத்துக்கும் எழுதினது ஒரே டேவிட் கோயர், மூணாவதை இயக்கினதும் அவரே. அப்ப ரெண்டாவதுல கூடுதலா இருந்தது எதுன்னு யோசிச்சாலே பாதி விடை கிடைச்சிடும்.

விஸ்லரா நடிச்ச கிரிஸ் கிரிஸ்டாஃபர்சன் 2024 செப்டம்பர்ல 88 வயசுல காலமானார். அன்னிக்கு ராத்திரி திரும்பவும் இந்தப் படத்தைப் போட்டேன். தனியாத்தான். இந்தத் தடவை வாயைத் திறக்கலை. முடிஞ்சதும் அந்த ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். அப்பாவும் அவனும் பேசிக்கவே இல்லாம அப்பா போயிட்டார்னு சொன்னான். "அன்னிக்கு நீ சொன்னது சரிடா"ன்னேன். எந்தப் படம்னு அவனுக்கு ஞாபகம் இல்ல.

எனக்கு இருக்கு.

பி.கு: கும்மி அடிக்கணும்னா தாராளமா அடிங்க, நான் தாங்குவேன். ஆனா ஒரே ஒரு கண்டிஷன், படத்தைப் பார்த்துட்டு வந்து அடிங்க. :-)