புதிய டெப் வெல்லுமா?

பெருநாள் நெருங்கினால் கல்முனைக் கடைத்தெருவில் உடுப்புக் கடைகளுக்கு அடுத்தபடியாகச் சனம் நிறைவது போன் கடைகளில்தான். அங்கே அப்பிள், சாம்சங் டெப்களுக்குப் பக்கத்தில் நாம் கேள்விப்படாத பெயரில் ஒரு புதிய டெப் இருக்கும். திரை அதே அளவு. நினைவகம் கூட என்று பெட்டியில் எழுதியிருக்கும். விலையோ பாதிக்கும் குறைவு. "அதுவும் இதுவும் ஒன்றுதான், இதை எடுங்க" என்பார் கடைக்காரர். உயர்தரம் படிக்கும் மகளோடு வந்த வாப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து யோசிப்பார்.

அதுவும் இதுவும் ஒன்றுதானா? புதிதாக வரும் ஒரு டெப், காலூன்றிவிட்ட கம்பனிகளோடு போட்டியிட முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. ஆனால் அது வென்றதா தோற்றதா என்பது வாங்கிய நாளில் தெரியாது. இரண்டாம் வருடத்தில்தான் தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம் அயல்நாட்டில் இருக்கிறது. 2011 ஒக்டோபர் 5ஆம் திகதி புதுடில்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற டெப்பை அறிமுகம் செய்தார். டேட்டாவிண்ட் என்ற கம்பனி தயாரித்த அதை இந்திய அரசு ஒன்று 2,276 இந்திய ரூபா வீதம் வாங்கியது. மானியம் போக மாணவர்களுக்கு 35 டொலரளவில் கொடுப்பது நோக்கம். அதற்கு முந்திய வருடம் வந்த அப்பிளின் ஐபேட் 499 டொலர். உலகமே ஆகாஷைத் திரும்பிப் பார்த்தது.

கையில் எடுத்த மாணவர்களுக்கோ வேறு கதை. 7 அங்குலத் திரை இருந்தது, ஆனால் மெல்லத் தொட்டால் கேட்காது, நகத்தால் அழுத்த வேண்டும். செயலியின் வேகம் 366 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 256 எம்.பி. பெட்டரி ஏறத்தாழ 3 மணித்தியாலம். அதில் இருந்த அன்ட்ரொய்ட் 2.2 பதிப்பில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது. கிராமத்துப் பிள்ளைக்கென்று செய்த கருவியில் அந்தப் பிள்ளையின் மொழிக்கு இடமில்லை. அடுத்த வருடம் நவம்பர் 11ஆம் திகதி ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2 எவ்வளவோ மேல். அதற்குள் முதலாவதன் பெயர் கெட்டுப்போயிருந்தது. திட்டமும் மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

"மலிவானது அப்படித்தான்" என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம். அதே டேட்டாவிண்ட் பிறகு மலிவு டெப்போடு இணைய வசதியையும் சேர்த்து விற்று, 2015இல் இந்தியாவில் விற்ற எண்ணிக்கையில் சாம்சங்கையே முந்தியது. டெப் வாங்க முடிந்தவர்களுக்கும் டேட்டாவுக்குப் பணம் இருக்கவில்லை என்பதைக் கண்டுகொண்ட வெற்றி அது. ஆனாலும் அந்த முதலிடம் நிலைக்கவில்லை.

பெரிய பெயர் இருந்தால் மட்டும் தப்பிவிடலாமா? அதுவும் இல்லை. எச்.பி. கம்பனி 2011 ஜூலை 1இல் டச்பேட் என்ற டெப்பை 499 டொலருக்கு விற்கத் தொடங்கியது. ஓகஸ்ட் 18இல், 49 நாட்களில், நிறுத்திவிட்டதாக அறிவித்தது. கருவி மோசமில்லை, ஆனால் அதில் பாவிக்கப் போதிய செயலிகள் இல்லை. மிஞ்சியதை 99 டொலருக்குக் கொடுத்ததும் சனம் அள்ளிக்கொண்டு போனது. அதே வருடம் நவம்பரில் 199 டொலருக்கு வந்த அமேசானின் கிண்டில் ஃபயர் மட்டும் நின்று பிடித்தது. அதற்குள் வாசிக்கப் புத்தகமும் பார்க்கப் படமும் தயாராக இருந்ததே காரணம்.

இப்போது நம் கரைக்கு வருவோம். இங்கே ஒரு டெப்புக்கு இருக்கும் பரீட்சை வேறு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமைச்சின் ஈ-தக்சலாவவில் தமிழிலும் பாடங்கள் உண்டு. படம் நிறைந்த விஞ்ஞானப் புத்தகம் ஒன்றைத் திறந்து நூறாம் பக்கத்துக்குப் போகும்போது சிக்கி நிற்காத டெப்தான் நமக்கு டெப். பெட்டரியும் அப்படித்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன்பின் ஐபேட் என்பது நம்மில் பலருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் சாமான். ஆகவே புதிய, மலிவான டெப் வெல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான்.

ஆசைப்பட்டு ஏமாந்தவளும்கூட. 2021இல் பாடசாலை மூடிக் கிடந்த காலம். எங்கள் வீட்டில் உம்மாவின் போன் ஒன்றுதான். காக்காவுக்கு உயர்தரம் என்பதால் போன் முதலில் அவருக்கு. எனக்குக் கிடைப்பது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, சார்ஜ் இறங்கிய நிலையில். வட்ஸ்அப்பில் வந்த பாடக் குறிப்புகளைப் பத்து மணிக்குள் கொப்பியில் எழுதி முடிக்க வேண்டும். வாப்பா நெல்லு வித்த காசில் எனக்கென்று ஒரு புதிய டெப் வாங்கித் தந்தார். மூன்று மாதம் நன்றாக இருந்தது. நாலாம் மாதம் சார்ஜ் ஏறும் இடம் ஆடத் தொடங்கியது. கடையில் கேட்டால், அந்த மொடலுக்குச் சாமான் வருவதில்லை என்றார்கள். கல்முனையில் ஏறி இறங்காத திருத்தும் கடை இல்லை. கடைசியில் அது அலுமாரிக்குள் போனது.

எனக்கு வலித்தது டெப் போனதல்ல. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு டெப்? பார்த்தியா, பழுதாக்கிட்டா" என்றார். அந்த டெப்பை நான் ஒரு தரம்கூடக் கீழே போட்டதில்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது டெப் என்ற பேச்சும் வீட்டில் எழவில்லை. போட்டியில் தோற்றது அந்தக் கம்பனி. அதற்கான தண்டனை எனக்கு. நம் ஊர்களில் பெண் பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு தரம்தான் நடக்கும். அதனால்தான் இரண்டாம் வருடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

மருதமுனைக் கைத்தறிச் சாரனும் சேலையும் இயந்திரத் துணியோடு விலையில் மோத முடியாது. ஆனாலும் அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நெய்தவர் இன்னார் என்று தெரியும். குறை இருந்தால் திரும்பப் போய்க் கேட்கலாம். புதிய டெப் கம்பனிகளுக்கு நம் நெசவாளரிடம் படிக்க ஒரு பாடம் உண்டு: விற்ற பிறகும் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

பெற்றோரே, விலையைக் கேட்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இதன் திரையும் பெட்டரியும் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாற்றக் கிடைக்குமா? உத்தரவாதம் கடையுடையதா, கம்பனியுடையதா, எழுத்தில் தருவீர்களா? மென்பொருள் இன்னும் எத்தனை வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும்? என் மகளின் தமிழ்ப் பாடநூலை இப்போதே இதில் திறந்து காட்டுவீர்களா? நாலுக்கும் நல்ல பதில் வந்தால் பெயர் தெரியாத டெப்பானாலும் துணிந்து வாங்கலாம். பதில் வராவிட்டால், சாமான் கிடைக்கும் கம்பனியின் பழைய மொடல் ஒன்று அதைவிட மேல்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவியர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் நூலகத்துக்கு ஒரே மொடலில் ஐந்து டெப் வாங்கித் தாருங்கள். ஒரே மொடலென்றால் ஒன்றின் சாமான் இன்னொன்றுக்கு உதவும், திருத்துபவருக்கும் பழக்கப்படும். ஒரு வருடம் நாங்கள் பாவித்துப் பார்த்து, எது நின்றது, எது விழுந்தது என்று அடுத்த மலரில் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ். அதை வாசித்துவிட்டு எந்த வாப்பாவும் கடைக்குப் போகலாம். வீட்டில் ஒன்பது மணி வரை போனுக்குக் காத்திருக்கும் தங்கைமாருக்கு அந்த ஐந்தும் அதுவரை உதவும்.